எலிப்பொறிக் கட்டு தெரிஞ்ச மேஸ்திரி வேணுங்க

வணக்கமுங்க. தாராபுரத்துக்கு மேக்கால தோட்டத்துல வீடு கட்டறோம். நடுவுல வாசல் விட்டு, நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம் எறக்கி, பழைய தொட்டிக்கட்டு மாதிரி. அப்புச்சி வீட்டைப் பிரிச்சப்ப எடுத்து வச்ச தேக்குத் தூணும் கதவு நெலவும் கெடக்குது. அதைச் சுத்தித்தான் பிளானே. மச்சான் டூப்ளெக்ஸ் கட்டச் சொல்றாப்ல, அதை விடுங்க.

சுவரை மட்டும், கேரளாவுல லாரி பேக்கர்ங்கற கட்டடக் கலைஞர் கட்டின எலிப்பொறிக் கட்டுல (rat-trap bond) எழுப்ப ஆசை. செங்கல்லைப் படுக்க வைக்காம நிமுத்தி வச்சு, நடுவுல பொந்து விடறது. 9 இஞ்ச் சுவருக்குக் கல்லு கால்வாசி மிச்சமாகும், வெயிலும் சீக்கிரம் உள்ள எறங்காது. ஆனா பாத்த மேஸ்திரிக எல்லாம் "பாம்பு பூந்துக்கும்"ங்கறாங்க. ஓரமெல்லாம் அடைச்சுத்தான் கட்டோணும்னு சொன்னா யாரு கேக்கறாங்க! கல்லு கோணலா இருந்தாலும் இந்தக் கட்டு சரிவராது. ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் இதைக் கட்டின மேஸ்திரி, அளவு மாறாம கல்லு அறுக்கற சூளை தெரிஞ்சாச் சொல்லுங்க.

இன்னொன்னு: பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி, ஆடியில கூரை ஓட்டையே தூக்குது. மேக்குப் பக்கம் கலவை வச்சுப் பூசுனீங்களா, கம்பி போட்டுக் கட்டுனீங்களா? ஓட்டு வீட்டுல இருக்கறவங்க போட்டோவோட சொன்னா நல்லா இருக்குமுங்க.