இருட்டில் தடுமாறும் பிள்ளைகள்: பார்டெட்-பீடல், ஆல்ஸ்ட்ராம் அனுபவப் பகிர்வு

முகில்அம்மா:
பையனுக்கு பார்டெட்-பீடல், விழித்திரையையும் மெல்லக் கெடுக்கும் மரபணு நோய். ஆறாம் விரல், எடை, சிறுநீரகம் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், அதை விடுகிறேன். அப்போது எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. பொழுது சாய்ந்தால் தடுமாறுகிறான் என்று கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை கடகடவென்று படித்துவிட்டான். பரிசோதித்தவர் சிரித்துக்கொண்டே, "பார்வையெல்லாம் நல்லா இருக்கு. நீங்க கவனிக்கணும்னு நடிக்கிறான்" என்றார். அவனை வைத்துக்கொண்டே சொன்னார். அந்த அறையில் விளக்கு மங்கல். வெளியே வரும்போது கதவோரம் இருந்த முக்காலியில் இடித்து விழுந்தான். எழுந்தவன் முழங்காலைக்கூடத் தொடவில்லை. அவர் பக்கம் திரும்பி, "நான் நடிக்கல சார்" என்றான்.

பிற்பாடு வேறு இடத்தில் ஈ.ஆர்.ஜி எடுத்தார்கள், வெளிச்சத்துக்கு விழித்திரை எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பரிசோதனை. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்களிடமிருந்து பதிலே இல்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் போகவில்லை.

தூரிகை:
முகில்அம்மா, படித்ததும் வயிறு எரிந்தது. எங்கள் மகளுக்கு ஆல்ஸ்ட்ராம், கண்ணையும் இதயத்தையும் பாதிக்கும் இன்னொரு மரபணு நோய். உங்களுக்கு இருட்டு என்றால் எங்களுக்கு வெளிச்சம். கைக்குழந்தையிலேயே கருவிழி ஆடிக்கொண்டே இருக்கும், வெயிலில் தூக்கிப் போனால் முகத்தை என் தோளுக்குள் புதைத்துக்கொள்வாள். முழு நிறக்குருடு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆல்ஸ்ட்ராமில் பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்கள் முதலில் போவதால், அதுவும் நிறக்குருடும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி தெரியுமாம். பிறந்த சில மாதங்களில் அவளுக்கு இதயம் வீங்கிப் படுத்திருந்தாள். வைரஸ் காய்ச்சலால் வந்தது என்றார்கள், தேறியும் விட்டாள். கண்ணையும் இதயத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வழக்கமான டாக்டர் வராத ஒரு நாள். பயிற்சியில் இருந்த சின்னப் பெண் படிவம் நிரப்பிக்கொண்டே, "இதயத்துல முன்ன ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்து ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். மரபணுப் பரிசோதனையில் ஏ.எல்.எம்.எஸ்.1 என்ற மரபணுவில் கோளாறு, அதாவது ஆல்ஸ்ட்ராம் என்று வந்தது. அன்று அவளும் வராமல் இருந்திருந்தால் என்று ராத்திரியில் யோசனை ஓடும்.

பொறுமைசாலி:
முகில்அம்மா, கோபம் புரிகிறது. ஆனால் அந்த மனிதரை மட்டும் குறை சொல்ல முடியாது. பார்டெட்-பீடலில் சின்ன வயதில் விழித்திரை பார்க்கச் சாதாரணமாகவே இருக்கலாம். பலகையைப் படிப்பது நடுப் பார்வை, இருட்டில் நடப்பது ஓரப் பார்வை. தடுமாறும் எல்லாப் பிள்ளைக்கும் ஈ.ஆர்.ஜி எடுக்க முடியுமா?

எங்கள் கதை சின்னது. அக்கா மகன், மாலையில் விளையாடப் போனால் பந்து சத்தம் வரும் பக்கம் மட்டும் ஓடுவான். அவ்வளவுதான்.

சொல்ல வந்தது வேறு. இதே நோய் என்று தெரிந்தவர்கள் இன்றே ஆரம்பியுங்கள். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் பளிச்சென்ற நாடா ஒட்டுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவு வைக்காதீர்கள். கதவைப் பாதி திறந்து வைக்கவே கூடாது, ஒன்று முழுக்கத் திற, இல்லை மூடு. நாற்காலியை இடம் மாற்றினால் பிள்ளையிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வகுப்பில் ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்க வேண்டாம், கண் கூசும். கிட்டப்பார்வை, சிதறல் பார்வை இவர்களுக்கு அதிகம், கண்ணாடி போட்டால் அதுவாவது சரியாகும், விழித்திரை சரியாகாது. பிரெயில் இப்போதே தொடங்குங்கள். வெள்ளைக் கோல் பயிற்சியும். ஏழெட்டு வயதில் மாலைக்கண், பதினைந்து பதினாறில் சட்டப்படி பார்வையற்றவர் கணக்கில் வந்துவிடுவார்கள் என்றுதான் சராசரி சொல்கிறது. காத்திருக்க நேரமில்லை.

கடைசிபெஞ்ச்:
பொறுமைசாலி ஐயா, நான் யாருக்கும் பெற்றோர் இல்லை, எனக்கே பார்டெட்-பீடல். அந்தப் பதினைந்தைத் தாண்டி ரொம்ப நாளாயிற்று. சராசரியை இப்படிப் போட்டு உடைக்காதீர்கள். ஒரே மரபணுக் கோளாறு உள்ள அண்ணன் தம்பிக்குள்ளேயே வேகம் மாறுகிறது. இதற்குக் காரணமான மரபணுக்களே 20க்கு மேல்.

என் சங்கதி: பள்ளியில் பரிசளிப்பு விழா. மேடையில் பெயர் கூப்பிட்டார்கள், போனேன், சான்றிதழை வாங்கினேன், விருந்தினர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன், திரும்பிவிட்டேன். அவர் கை குலுக்க நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றதாம். எனக்கு அது கீழே, பார்வைக்கு வெளியே. கூட்டம் சிரித்ததை வேறு எதற்கோ என்று நினைத்தேன். இறங்கியதும் ஆசிரியர் காதருகே வந்து, "திமிரா?" என்றார். வீட்டில் யாரும் எனக்கு நோயின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும்.

பிரெயில் நல்லதுதான். முதலில் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், நாடா அப்புறம் ஒட்டலாம்.

விடிவெள்ளி:
எல்லோரும் ஏன் நம்பிக்கையே இல்லாமல் எழுதுகிறீர்கள்? வைட்டமின் ஏ அதிக அளவில் கொடுத்தால் மாலைக்கண் போகும் என்று கேள்விப்பட்டேன். ஜீன் ஊசியும் வந்துவிட்டதே. இந்த நோய்க்கே மருந்து வந்திருப்பதாகச் செய்தி பார்த்தேன்.

தூரிகை:
விடிவெள்ளி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனாலும் நிறுத்துங்கள். இந்த மாலைக்கண் சத்துக் குறைவால் வருவது இல்லை. செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கெட்டுப்போவதால் வருவது. வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலைத்தான் பிடிக்கும். 2017இல் வந்த ஜீன் ஊசி ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே மரபணுவுக்கு. நம் பிள்ளைகளுடையது அது இல்லை. 2022இல் பார்டெட்-பீடலுக்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கிய செட்மெலனோடைட் என்ற மருந்து பசியையும் எடையையும் குறைக்கத்தான், கண்ணுக்கு இல்லை.

பொறுமைசாலி:
கடைசிபெஞ்ச் தம்பி, சராசரி சொன்னது பயமுறுத்த இல்லை. கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பிரெயில் கற்றால் சுலபம், அதைத்தான் சொன்னேன்.

கடைசிபெஞ்ச்:
யாருக்குச் சுலபம்?
முகில்அம்மா, பையனிடம் சொல்லியாயிற்றா?

முகில்அம்மா:
பாதி சொன்னோம். ராத்திரியில் அவன் கண் மற்றவர்கள் கண் போல வேலை செய்யாது, அது அவன் தப்பில்லை என்பதுவரை. "அப்போ அந்த சாருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். மீதியை எப்போது சொல்வது என்று நானும் அவன் அப்பாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தனிச்செய்தியில் ஈ.ஆர்.ஜி பற்றிக் கேட்டவருக்கு: எங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை, ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் கொடுப்பார்கள். சொட்டு மருந்து விட்டு, முழு இருட்டில் குறைந்தது 20 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். கூட யாராவது உள்ளே இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையை விட்டுவிடாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள்.