தப்பு எதிர் வண்டி மேல், அலைச்சல் நமக்கு: தொப்பூர்–கிருஷ்ணகிரி ரோட்டில் இடிபட்ட கார்களுக்கான கிளெய்ம் அனுபவங்கள்

கிளெய்ம் வேலை பார்ப்பவர், தர்மபுரி

"இடிச்சவன் இன்சூரன்ஸ்லதான் வாங்குவேன்" என்று நிற்பவர்களின் வண்டிதான் பட்டறையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. எதிர் வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசியில் (அந்த வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) பணம் வாங்க, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். உத்தரவு வர வருஷக்கணக்கில் ஆகலாம். உங்களிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் உங்கள் கம்பெனியிலேயே ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேத) கிளெய்ம் போட்டு வண்டியை எடுங்கள். தேய்மானம் என்று வெட்டியது, கட்டாயப் பிடித்தம் (1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000), கிரேன் கூலி என்று கையை விட்டுப் போனதற்கு மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். ஒரே தொகையை இரண்டு இடத்தில் கேட்கக் கூடாது.

இதில் வலிக்கிற விஷயம், தப்பு உங்கள் மேல் இல்லாவிட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். ஓன் டேமேஜ் பிரீமியம் 9000 ரூபாய், போனஸ் 45 சதவீதம் என்றால், அடுத்த வருஷம் மட்டும் 4050 ரூபாய் நஷ்டம். மறுபடி 20 சதவீதத்தில் இருந்து ஏற வேண்டும். 5000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளெய்ம் போடாதீர்கள்.

பட்டறை, காவேரிப்பட்டணம்

கிளெய்ம் இழுக்கிறதுக்குப் பெரிய காரணம் முதல் எஸ்டிமேட்டுங்க. பின்னாடி லாரி இடிச்ச காரைப் பார்த்தா வெளியில பம்பர், டிக்கிக் கதவு, ஒரு லைட், அவ்வளவுதான் தெரியும். பம்பரைக் கழட்டினா உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை மடங்கியிருக்கும். ஸ்டெப்னி உட்கார்ற குழி சுருங்கி, டிக்கி ரப்பர் ஓரமா பெயிண்ட் முடி மாதிரி கீறி நிக்கும். அந்தக் கீறல் தெரிஞ்சாலே அடித்தகடு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் முதல் எஸ்டிமேட்டில் இல்லைன்னா சப்ளிமென்ட்ரி (கூடுதல் எஸ்டிமேட்) போடணும், சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற ஆள்) ரெண்டாவது தடவை வரணும், அதுவரைக்கும் எந்த பார்ட்டும் ஆர்டர் போட முடியாது. அதனால சர்வேயர் வர்ற அன்னைக்கே அவர் கண்ணு முன்னாடி பம்பரைக் கழட்டச் சொல்லுங்க. கழட்டுற கூலிக்காக யோசிக்காதீங்க.

சர்வேக்கு முன்னாடி எதையும் மாத்தாதீங்க. மாத்தின பழைய பார்ட்டை ரீ-இன்ஸ்பெக்‌ஷன் (வேலை முடிஞ்சதும் மறுபடி பார்க்கிறது) முடியும் வரை தூக்கிப் போடவும் கூடாது. தேய்மானம்னு பில்லில் எவ்வளவு வெட்டுவாங்கன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கலாம்: பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் பாதி, கண்ணாடிக்கு வெட்டு இல்லை, இரும்புத் தகட்டுக்கு வண்டி வயசைப் பொறுத்து (மூணிலிருந்து நாலு வருஷ வண்டிக்கு 25 சதவீதம், அஞ்சுக்கு மேலே பத்து வரைக்கும் 40). பம்பர் டு பம்பர் (தேய்மானம் வெட்டாத கூடுதல் பாலிசி) எடுத்திருந்தா இந்த வெட்டு வராது. ரிப்பேர் செலவு பாலிசியில் போட்டிருக்கிற ஐடிவி (வண்டிக்குக் குறிச்சிருக்கிற காப்பீட்டு மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ் (ரிப்பேர் பண்ணாம வண்டியே போச்சுன்னு கணக்கு முடிக்கிறது) பேச்சு வரும். அப்ப வண்டியைப் பிரிக்கவே விடாதீங்க.

வழக்கறிஞர் குமாஸ்தா, கிருஷ்ணகிரி

பட்டறை அண்ணன் சொன்னது பாதிதான், மீதித் தாமதம் ஸ்டேஷன் காகிதத்தில். காயம்பட்டவர்களை 108-ல் ஏற்றி அனுப்பியதும், வண்டியை ஓரம் கட்டும் முன் நாலு போட்டோ போதும்: இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வருவது, ரோட்டில் டயர் தேய்ந்த கோடு, கண்ணாடித் துண்டு சிதறிய இடம், அருகில் உள்ள கிலோமீட்டர் கல். தொப்பூர் இறக்கத்தில் இதற்கும் நிற்காதீர்கள், பின்னால் பிரேக் பிடிக்காத லாரி வரலாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தால் நெடுஞ்சாலை கிரேன் வரும். பாளையம், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் மெசேஜை அழிக்காமல் வையுங்கள், நேரத்துக்கு அது சாட்சி.

வெறும் வாகனச் சேதம் என்றால் பெரும்பாலும் எஃப்ஐஆர் போடாமல், சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பதிந்ததற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) அனுப்பிவிடுவார்கள். எதிர் வண்டியின் நம்பர், ஓட்டுநர் பெயர், இடித்த விதம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். காயம் இருந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் கேளுங்கள். மத்திய அரசின் 2022 மோட்டார் வாகன விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்காமல் ஸ்டேஷனில் இருந்து வண்டி வெளியே வராது, ஆய்வுக்கான கடிதம் போய்விட்டதா என்று மறுநாளே கேளுங்கள்.

லாரி கர்நாடகாவா, ஆந்திராவா என்று பயப்பட வேண்டாம். விபத்து நடந்த மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இன்சூரன்ஸ் கம்பெனியும் பாலிசி தேதியும் அரசின் எம்பரிவாகன் (mParivahan) ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் தெரியும். மனுப் போட விபத்து நாளிலிருந்து சட்டம் கொடுப்பது ஆறு மாதம், அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ரோட்டோரத்தில் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு "சமரசம்" என்று எழுதிக் கொடுத்தால், பிறகு அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கிளெய்ம் வேலை பார்ப்பவர், தர்மபுரி

சொந்த பாலிசியில் போட்ட கிளெய்ம் எத்தனை நாளில் முடிய வேண்டும் என்றால்: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அவர் அறிக்கை, அதிலிருந்து 7 நாளில் கம்பெனியின் முடிவு. போனில் பேசியதைக் கணக்கில் எடுக்க முடியாது, எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள். நாள் தாண்டினால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், கூடவே ஐஆர்டிஏஐ-யின் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற போன் எண்ணிலோ பதிவு செய்யுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) கட்டணம் இல்லாமல் புகார் போடலாம். இது உங்கள் சொந்த பாலிசிக்கு மட்டும். எதிர் வண்டியின் கம்பெனி இழுத்தடித்தால் அங்கே எடுக்க மாட்டார்கள், தீர்ப்பாயம்தான்.

கடைசியாகக் கம்பெனி நீட்டும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் (கணக்கு முடிந்தது என்று கையெழுத்து வாங்கும் தாள்) தொகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறைவாக இருந்தால் "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.