பாரிஸ்ல அகதிக் கேஸ் போடுறது எப்பிடி? கதை காசுக்கு எழுதலாமோ?

கேள்வி: வணக்கம், ஊர் கிளிநொச்சி, பாரிஸ் வந்து ஒரு மாசமாகுது, இன்னும் கேஸ் போடேல்ல. லாச்சப்பல்ல, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற பக்கம், ஒருத்தர் கேஸுக்குக் குடுக்கிற கதையை (ஊரில என்ன நடந்தது எண்ட எழுத்து) காசுக்கு எழுதித் தாறன், தான் எழுதினாத்தான் அகதிக் கார்ட் கிடைக்கும் எண்டு நிக்கிறார். எனக்கு உண்மையாவே பிரச்சினை நடந்தது, ஆனா கையில டொக்கியூமெண்ட் பெரிசா இல்லை. முதல்ல எங்க போகோணும்? வேலை செய்யலாமோ?

பதில் 1: தம்பி அந்தாளிட்ட காசு குடுத்துடாதீங்கோ. முதல்ல ஓஃபி (OFII, குடிவரவு ஒஃபிஸ்) நம்பருக்கு அடிச்சு, கேஸ் போடுற ஆக்களை முதல்ல பார்க்கிற ஸ்பாடாவில (SPADA) ரந்தேவூ, அதுதான் சந்திக்கிற நாள், எடுக்கோணும், அவை பிரெஃபெக்சரில (அரசாங்க நிர்வாக ஒஃபிஸ்) நாள் போட்டுத் தருவினம், அங்க கைரேகை எடுத்து அத்தெஸ்தாசியோன், கேஸ் போட்டிருக்கிறீங்க எண்ட பத்திரம், தருவினம். பிறகு ஒஃப்ரா (OFPRA, அகதிக் கேஸை முடிவு செய்யிற ஒஃபிஸ்) ஃபோர்ம், 21 நாளுக்குள்ள பிரெஞ்சில நிரப்பி அனுப்போணும். நாட்டுக்குள்ள வந்து 90 நாள் தாண்டிக் கேஸ் போட்டா கெதியாப் பார்த்து முடிக்கிற அவசரக் கேஸா மாத்திடுவினம், அதால இழுக்காதீங்கோ. தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 6.80 யூரோ காசு, இருக்க இடம் தராட்டி அதோட 7.40 யூரோ கூட. வேலை உடன இல்லை, 6 மாசமாகியும் ஒஃப்ரா முடிவு சொல்லாட்டித்தான் கேக்கலாம், அதுவும் முதலாளி பர்மிட் போடோணும்.

பதில் 2: கதையைப் பற்றி நான் சொல்றன் தம்பி. ஒஃப்ராவில இருக்கிற ஒஃபிசர் இலங்கைக் கேஸ் கனக்கப் பார்த்த ஆள், ஒரே ஆள் எழுதின பத்துக் கதை மேசைக்கு வந்தா அவைக்கு விளங்காதோ? கடையில எழுதின கதையில நீங்க போகாத காம்ப், தெரியாத ஆமிக்காரன் எல்லாம் இருக்கும், பிறகு இன்டர்வியூவில காம்புக்கு எந்த ரோட்டால கொண்டு போனவங்கள், கண்ணைக் கட்டினவங்களோ, வெளியில வந்தோண்ண ஆர் வந்து கூட்டிக்கொண்டு போனது எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க? உண்மையா நடந்தவனுக்கு தேதி மறந்தாலும் அந்த அறை மறக்காது. தேதி தெரியாட்டி தெரியாது எண்டே சொல்லுங்கோ, மாரி காலம், ஓ/எல் சோதினைக்கு முந்தி, இப்பிடிச் சொன்னாலும் காணும். இன்டர்வியூவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் காசில்லாம வருவினம், விளங்காட்டி உடன சொல்லுங்கோ. டொக்கியூமெண்ட் இல்லையெண்டு கவலைப்படாதீங்கோ, ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாடு, ஊரில இருந்து வாற கடிதம் எதெண்டாலும் சேருங்கோ, ஆனா காசுக்கு அடிச்ச போலிக் கடிதம் மட்டும் வேணாம், அது நல்ல கேஸையும் கெடுக்கும்.

பதில் 3: ஒஃப்ரா இப்ப முடிவையெல்லாம் நெட்ல உங்கட கணக்குக்குள்ளதான் போடும், திறக்காட்டியும் 15 நாளில கிடைச்ச மாதிரிக் கணக்கெடுப்பினம், அடிக்கடி பாருங்கோ. ரிஜெக்ட் வந்தா ஒரு மாசத்துக்குள்ள பாரிசுக்குப் பக்கத்தில மோன்த்ரேய்ல இருக்கிற அகதிக் கோட்டுக்கு (CNDA) அப்பீல் போடலாம், அரசாங்க லோயர் கேக்கிறதெண்டா 15 நாளுக்குள்ள கேக்கோணும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஒண்டு சொல்ல மறந்திட்டன், வரேக்க இத்தாலியில கைரேகை எடுத்தவங்கள்.

பதில் 1: அட, அதையெல்லோ முதல்ல சொல்லியிருக்கோணும்! அப்ப டப்ளின் கேஸ், எண்டா முதல்ல கைரேகை எடுத்த நாடுதான் கேஸைப் பார்க்கோணும் எண்ட ஐரோப்பிய விதி, உங்கட கதையைப் பார்க்க முதலே இத்தாலிக்கு அனுப்பப் பார்ப்பினம். மறைக்காதீங்கோ, கைரேகை மெஷின் காட்டிக் குடுத்துடும். கூப்பிடுற நாள் ஒண்டும் விடாம போங்கோ, போகாட்டி ஓடிட்டார் எண்டு எழுதி காசையும் நிப்பாட்டுவினம். ஸ்பாடாவுக்குப் போக முதல் ஒரு லோயரைப் பாருங்கோ.