கடைக் கணக்கைப் பார்க்கும் மனைவிக்குச் சம்பளம்: செலவாகக் கழிக்கலாமா?

தேக்கா மளிகை:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் என் பெயரில் மட்டும் பதிவான சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். சரக்கு ரசீதுகளைப் பதிவது, மொத்த வியாபாரிகளுக்குப் பணம் அனுப்புவது, கடனுக்கு வாங்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு மாதக் கடைசியில் பில் போடுவது எல்லாவற்றையும் என் மனைவி வாரத்தில் மூன்று நாள் வந்து கவனித்துக்கொள்கிறார். இதுவரை அவருக்குச் சம்பளம் என்று எதுவும் கொடுத்ததில்லை. வரி நிவாரணங்கள் போக எனக்கு ஆண்டுக்குச் சுமார் 70,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரிக்குரிய வருமானம் வருகிறது. மாதம் 1,500 வெள்ளியை மனைவிக்குச் சம்பளமாகக் கொடுத்துச் செலவில் காட்டினால் வரி குறையும் என்றும், மனைவி என்பதால் ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி கட்ட வேண்டியதில்லை என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் இருவரும் குடிமக்கள், நாற்பதைக் கடந்தவர்கள். இது சரிதானா?

ஈசூன் கணக்காளர்:
ஐயா, நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. கடை உரிமையாளரான நீங்கள் உங்களுக்கே எடுத்துக்கொள்ளும் பணத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. ஆனால் மனைவி உண்மையாகவே வேலை செய்து, அந்த வேலைக்கு ஏற்ற தொகையை நீங்கள் உண்மையாகவே கொடுத்தால், அதைக் கழிக்கலாம். அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுவே அளவு.

சேம நிதியைப் பொறுத்தவரை, சம்பளத்துக்கு வேலை செய்யும் மனைவியும் ஊழியர்தான். 55 வயது வரை முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. 1,500 வெள்ளிச் சம்பளத்துக்கு நீங்கள் 255 வெள்ளி கூடுதலாகப் போட வேண்டும். அவர் பங்கான 300 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 1,200 வெள்ளியை அவரிடம் கொடுப்பீர்கள். மொத்தம் 555 வெள்ளியை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். ஊழியர் பயிற்சிக்காக முதலாளி கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வையும் உண்டு, அது மாதம் நான்கு வெள்ளிகூட வராது.

இப்போது வரியைப் பாருங்கள். சம்பளமும் உங்கள் சேம நிதிப் பங்கும் சேர்ந்து ஆண்டுக்கு 21,060 வெள்ளி செலவாகக் கழிகிறது. உங்கள் வருமானத்தின் அந்தப் பகுதிக்கு வரி 7 விழுக்காடு என்பதால் சுமார் 1,474 வெள்ளி குறையும். மனைவியின் ஆண்டு வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டுவதால், வாழ்க்கைத்துணைக்கான 2,000 வெள்ளி நிவாரணத்தை இதுவரை பெற்று வந்திருந்தால் அதை இழப்பீர்கள். அதனால் 140 வெள்ளி கூடும். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை என்பதால் அவருக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி வராது. ஆக, கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 1,330 வெள்ளி. அதற்காகக் கல்லாவிலிருந்து 6,660 வெள்ளி சேம நிதிக்குப் போகும். வரியை மட்டும் நினைத்து இதைச் செய்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த 6,660 வெள்ளி மனைவியின் பெயரில் ஆண்டுதோறும் சேருவதைத்தான் நான் பெரிய லாபமாகக் கருதுகிறேன்.

கடைக்காரர் மனைவி:
நானும் கணவர் கடையின் கணக்கைப் பார்ப்பவள்தான். வரி என்று வந்தால்தான் எங்கள் உழைப்பு கண்ணில் படுகிறது போலும்! சம்பளத்தைக் கூட்டுக் கணக்கில் போடாமல் அக்காவின் சொந்த வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் ஒரே தேதியில் அனுப்புங்கள். கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தால் பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வேலை விவரத்தை எழுதிக் கையொப்பமிட்டு, சம்பளச் சீட்டும் கொடுங்கள். ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் ஐஆர்8ஏ படிவம் மார்ச் 1ஆம் தேதிக்குள் தயாராக வேண்டும், ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அவரைப் பங்காளியாகப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். பங்காளிக்குக் கொடுக்கும் சம்பளம் கழிக்கத்தக்க செலவாகாது, லாபத்தில் பங்காகவே கொள்ளப்படும், கடையின் கடனுக்கும் அவர் பொறுப்பாளி ஆகிவிடுவார்.

தேக்கா மளிகை:
இருவருக்கும் மிக்க நன்றி. இந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே சம்பளம் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாமா? பக்கத்துக் கடைத் தம்பிக்கும் இதே கேள்வி உண்டு. அவர் மனைவி நீண்டகால வருகை அனுமதியில் இங்கே இருக்கிறார்.

ஈசூன் கணக்காளர்:
கொடுக்காத சம்பளத்தைப் பின்தேதியிட்டு எழுத வேண்டாம். கொடுத்ததாக எழுதினால் அந்த மாதங்களுக்கான சேம நிதி எங்கே என்ற கேள்வி எழும். தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டியும் உண்டு. அடுத்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். தம்பி தன் மனைவியை வேலையில் வைப்பதற்கு முன் வேலை செய்ய அனுமதிக்கும் மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரந்தரவாசியாகும் வரை அவருக்குச் சேம நிதி கிடையாது. இங்கே வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கான சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவராக இருந்தால் விதி வேறு: 2021 மே மாதம் முதல் அவர்கள் ஊழியராக வேலை செய்யத் தனி வேலை அனுமதி எடுத்தாக வேண்டும்.