முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்கினால் தைலம் போட்டு உருவாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 66 வயது. இரண்டு மாதம் முன்பு வலது முட்டியை மாற்றினார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு எனாக்சபாரின் 40 மி.கி. ஊசி எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போட எனக்கு நர்ஸ்தான் கற்றுக்கொடுத்தார். தொப்புளை விட்டு நன்றாகத் தள்ளி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நேராக இறக்க வேண்டும். சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழை வெளியே தள்ளக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, கன்றிப்போகும்.

எட்டாம் நாள் அம்மா, "வயிறெல்லாம் நீலமா இருக்கு, போதும்டா" என்றார். மனசு கேட்காமல் நானும் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சூடு, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. ஆபரேஷன் செய்த கால் வீங்கத்தானே செய்யும் என்று இருந்தோம். காசிமேட்டிலிருந்து பெரியம்மா தைலத்தோடு வந்து, "நல்லா உருவி விட்டா வடிஞ்சிடும்" என்று உட்கார்ந்தார். அந்த நேரம் பிசியோ தம்பி உள்ளே வந்தார். "அம்மா, கையை எடுங்க!" என்று கத்தியே விட்டார். இன்ச் டேப்பால் இரண்டு காலையும் அளந்தார். வலது கால் 4 செ.மீ. அதிகம்.

அன்று மாலையே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். முட்டிக்குப் பின்னால் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அதை அழுத்தி உருவினால் துண்டு பெயர்ந்து, இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கலாமாம். பெரியம்மாவின் கையை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. இப்போது மாத்திரை போகிறது. அம்மா நன்றாக நடக்கிறார்.

*திருவொற்றியூரிலிருந்து:*
எங்கள் அப்பாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து 14 நாளில் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள் என்று, நாங்களும் 14 நாளில் நிறுத்திவிட்டோம். அப்பாவின் சீட்டில் 35 நாள் என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இருபதாம் நாள் விடியற்காலை திடீரென்று மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்தியது. காலில் வலியே இல்லை. 108 வரும்வரை மாடிப்படியில் உட்கார வைத்திருந்தோம். நுரையீரலில் ரத்தக்கட்டி. பிழைத்துவிட்டார், கடவுள் புண்ணியம். தயவுசெய்து அடுத்தவர் கணக்கை உங்கள் வீட்டுக்கு எடுக்காதீர்கள்.

*பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:*
என் மாமியாருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நாமே வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தால், ரத்தம் உறையாமல் தரும் மருந்தோடு சேர்ந்து ரத்தக்கசிவு ஆகலாம் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். அப்புறம், பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. அதைத்தான் அத்தை விடவே இல்லை. சீரியலில் விளம்பரம் வந்தால் போதும், இரண்டு பாதமும் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.