காதுக்குள் செருகும் இயர்போனுக்குத் தமிழில் என்ன பெயர்?

திருச்சியிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் இசைத்துறையில் முதலாண்டு மாணவர்களின் இசை கேட்கும் பயிற்சிக்காக ஒரு கையேடு தொகுத்து வருகிறேன். கருநாடக இசைப் பதிவுகளைக் கேட்பதற்கு எத்தகைய இயர்போனை வாங்குவது என்று அதில் ஒரு பகுதி உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

தலைக்கு மேல் வளைந்து இரு காதுகளையும் மூடுவது ஒரு வகை. காதுமடலின் குழிவில் சும்மா தங்கி நிற்பது மற்றொரு வகை. மெத்தென்ற சிலிக்கான் நுனியோடு காதுத்துளைக்குள் புகுந்து அதை அடைத்துக்கொள்வது மூன்றாம் வகை. கடைகளில் மூன்றையும் ஹெட்போன், இயர்போன், ஹெட்செட் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நான் எழுதுவது மூன்றாம் வகையைப் பற்றி மட்டுமே. அதன் நுனி துளையைச் சரியாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்து போய்விடும். மிருதங்கத்தில் இடப்பக்கமாகிய தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி மறைந்து, வலப்பக்கமாகிய வலந்தலையின் சாப்பு என்னும் கூர்மையான ஒலி மட்டும் காதில் விழும். மாணவரோ அதைப் பதிவின் குறை என்றோ வாசித்தவரின் குறை என்றோ எண்ணிக்கொள்வார். ஆகவே இந்த வகைக்குத் தனிப்பெயர் இல்லாமல் பாடத்தை எழுத இயலவில்லை. இப்போதைக்கு ‘உட்செவிக் கேட்பி’ என்று போட்டிருக்கிறேன். அந்தச் சிறிய நுனிக்கும், அது துளையைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும் நிலைக்கும்கூடச் சொற்கள் வேண்டும்.

கோவையிலிருந்து:

அம்மா, மற்றவை எப்படியானாலும் ‘உட்செவி’ வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன். உட்செவி என்பது நத்தைச்சுருள் (காக்லியா) இருக்கும் இடம். பள்ளிப் பாடநூலே அப்படித்தான் கற்பிக்கிறது. நீங்கள் சொல்லும் கருவி புகுவது புறச்செவியைச் சேர்ந்த, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழலுக்குள். அக்குழல் செவிப்பறையில் முடிந்துவிடும். அதற்கப்பால் நடுச்செவியைக் கடந்த பிறகே உட்செவி. அவ்வளவு தூரம் போகும் கருவியை மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மதுரையிலிருந்து:

மருத்துவர் ஐயாவின் மறுப்பு சரியானதே. ‘உள்’ளைப் பின்னால் வைத்துச் ‘செவியுட்கேட்பி’ என்றால் அந்தக் குற்றம் நீங்கும். ஆனால் என் தடை ‘கேட்பி’யின் மேல். ‘செய்யென் வினைவழி விப்பி தனிவரின் செய்வியென் ஏவல்’ என்பது நன்னூல். செய்வி, கேட்பி என்பன பிறரைக் கொண்டு ஒரு தொழிலைச் செய்விக்கச் சொல்லும் ஏவல் வினைகள். ஒரு கருவியைக் கடையில் காட்டிக் ‘கேட்பி’ என்றால், அதற்குக் கட்டளையிடுகிறோமா, பெயர் சொல்கிறோமா என்பது விளங்காது.

காதோடு சேர்ந்த பொருளுக்குப் பெயர் தேடி இத்தனை அலைய வேண்டியதில்லை. தமிழில் ‘குழை’ இருக்கிறது. காதில் அணிவதற்கும் குழை என்று பெயர், காதுக்கும் குழை என்று பெயர், துளையுள்ளதற்கும் அதுவே பெயர். அணியும் பொருள், அணியப்படும் உறுப்பு, அது புகும் வாயில் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்கும்போது வேறென்ன வேண்டும்? ‘இசைக்குழை’ என்று வைக்கலாம். மேலும், இக்கருவியில் வலம், இடம் என்று இரண்டு துண்டுகள் உண்டு. திருக்கோத்தும்பியில் மாணிக்கவாசகர் மாதொருபாகனின் கோலத்தைச் சொல்லும்போது ‘தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்’ என்கிறார். அப்பன் பாகமாகிய வலக்காதில் குழை, அம்மை பாகமாகிய இடக்காதில் தோடு. ஆக, வலத்துண்டைக் குழை என்றும் இடத்துண்டைத் தோடு என்றும் வழங்கினால், துண்டுகளின் மேல் எழுத்துப் பொறிக்க வேண்டிய தேவைகூட எழாது. ‘தோடு’ என்பதே துளைத்தலைக் குறிக்கும் ‘தோள்’ என்னும் வேரிலிருந்து வந்தது என்பது என் கருத்து. ‘கேள்வியால் தோட்கப் படாத செவி’ என்று வள்ளுவர் சொன்னதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்; கேள்வியால் துளைக்கப்படுகிற செவிக்கு ஏற்ற பெயர் இதைவிட அமையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். தோடு என்பதற்கு இதழ், ஓலை என்ற பொருள்களே முதன்மையானவை. சுருட்டிய ஓலையைக் காதுத்துளையில் இட்டதால் அணிக்கு அப்பெயர் வந்தது என்று கொள்வதே எளிது. ‘சுருள்தோடு’ என்று நீங்கள் காட்டிய அடியே அதற்குச் சான்றாக நிற்கிறது. வேர் எதுவானாலும், கடைக்குப் போய்க் குழை கேட்கும் பிள்ளைக்கு நகைக்கடைக்குத்தான் வழிகாட்டுவார்கள்.

வேறொரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் அதிர்வெண் என்பதை எங்கள் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன; நீங்கள் ஒத்ததிர்வு என்பதை நாங்கள் பரிவு என்று படித்தோம். புதிய சொல் ஒன்றையாவது இரு கரைகளுக்கும் பொதுவாக ஆக்க முடிந்தால் நன்று.

சென்னையிலிருந்து:

ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எதைச் சொல் சுமக்க வேண்டும் என்பது. திறந்த காதுக்குழல் ஏறத்தாழ 3000 ஹெர்ட்சு அளவில் தானே ஒத்ததிர்ந்து அப்பகுதியை மிகுத்துக் காட்டும் இயல்புடையது. குரலின் தெளிவும் வயலினின் வில்லோசையும் பெரிதும் அங்கேதான் இருக்கின்றன. குழலை அடைத்தவுடன் அந்த இயல்பு மாறிவிடுவதால், இழந்ததைக் கருவியே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. இன்னொரு முனையில், ஒரு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய இசையின் C) பாடும் ஆண்குரலுக்கு அடிப்படைச் சுரமாகிய ஆதார சட்சம் ஏறத்தாழ 131 ஹெர்ட்சு என்றால், தம்பூராவின் மந்தர நரம்பு, அதாவது மிகத் தாழ்ந்து ஒலிப்பது, அதில் பாதி, அதாவது 65 ஹெர்ட்சு அளவில் நிற்கும். அடைப்பு சரியாக அமைந்தால்தான் அந்த அடி ஒலி காதுக்கு வரும். எனவே இக்கருவியின் சிறப்பு அணிவதில் இல்லை, அடைப்பதில் இருக்கிறது. குழை, தோடு ஆகியவை அணிகலன்கள். அவை இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை. மாணவர்கள் பலர் விலையையும் கருவிக்குள் ஒலியை எழுப்பும் பாகங்களாகிய ஒலியியக்கிகள் எத்தனை இருக்கின்றன என்பதையும் பார்த்து வாங்குகிறார்கள். காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த ஆர்மெச்சர் வகை ஒலியியக்கி நுணுக்கங்களைத் துல்லியமாகக் காட்டும். படலம் அதிரும் வகை தொப்பிக்கு நிறைவு தரும். ஆனால் நுனி பொருந்தாவிட்டால் இரண்டுமே வீண். ஒலி எவ்வளவு அகலமாக விரிகிறது என்ற விளம்பரத்துக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதுங்கள். நம் பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகள் ஒற்றைத்தடப் பதிவுகள், அவற்றில் விரிவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, தூய்மை பற்றியது. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று, அதாவது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் ஏற்கலாம் என்று, தொல்காப்பியர் வடமொழிக்குத் திறந்த வாயிலை இயர்போனுக்கு மட்டும் அடைப்பானேன்? ‘செருகு இயர்போன்’ என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவ்வகையில் முன்னோடியான ஈஆர்-4 என்ற கருவியை 1991இல் வெளியிட்ட நிறுவனம் எட்டிமோட்டிக் ரிசர்ச். மீட் கில்லியன் 1983இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெயரே, ‘காதுக்கு உண்மையானது’ என்ற பொருள்படக் கிரேக்க வேர்களைக் கொண்டு புதிதாகக் கட்டிய சொல்தான். அதில் ‘உண்மை’யைக் குறிக்கும் வேரே ஆங்கிலத்தில் சொற்பிறப்பியலுக்கு வழங்கும் பெயரிலும் இருக்கிறது என்பது மதுரைப் புலவருக்கு மகிழ்ச்சி தரலாம்.

தஞ்சையிலிருந்து:

ஐயா, இயர்போனைத் தொல்காப்பியத்தின் வாயில் வழியாகக் கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் ‘போன்’ என்பதன் ஒலிப்பையாவது ஒரீஇக் கொண்டு வாருங்கள். இப்படி ஒவ்வொரு முறையும் விலக்களித்தால் கலைச்சொல் குழு எதற்கு?

வீணை கற்பிப்பவள் என்ற முறையில் ‘கேட்பி’க்கு ஆதரவாக எழுதுகிறேன். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ‘ஈரேழ் தொடுத்த செம்முறைக் கேள்வியின்’ என்ற இடத்தில் கேள்வி என்பது நரம்பிசைக் கருவியையே சுட்டி வருகிறது. சுருதி என்ற வடசொல்லும் ‘கேட்கப்பட்டது’ என்ற பொருளுடையதே. ஆக, ‘கேள்’ என்ற வேர் இசைக்கு அயலானதன்று. ஒலிப்பான், ஒலிப்பி போன்றவை தெருவில் கட்டும் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். இது கேட்பவர் ஒருவருக்கு மட்டுமே உரியது. புலவர் காட்டிய நன்னூல் விதி ஏவலைப் பற்றியது. திசைகாட்டி, மண்வெட்டி, ஒலிவாங்கி ஆகியவற்றில் உள்ள வினைமுதற்பொருள் விகுதியாகிய ‘இ’ இங்கே கேட்பியின் இகரத்தோடு ஒன்றிவிட்டது என்று கொள்ளலாமே.

ஒலியியல் பேசுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வலந்தலையின் நடுவில் பூசும் கருநிறப் பசையாகிய கரணையால் அதன் மேற்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) இசைவுபட அமைவதைச் சர் சி. வி. இராமன் 1920இலேயே நேச்சர் இதழில் எழுதினார். வாங்குவதற்கு முன் மாணவர்கள் மிருதங்கம் தனித்து வாசிக்கப்படும் தனியாவர்த்தனப் பதிவொன்றைக் கேட்டு, வலந்தலையின் சுருதி தம்பூராவோடு சேர்வது தெரிகிறதா என்று பார்க்கட்டும். தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் மந்தர நரம்பிலிருந்து அந்தர காந்தாரம் என்ற சுரம் தானே எழுவதும் கேட்க வேண்டும். இவை இரண்டும் தேறினால் வாங்கலாம்.

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. வியாழன் மாலை ஆகிவிட்டது. சென்னை நண்பரின் ‘செருகு’வையும் தஞ்சை அம்மையாரின் ‘கேட்பி’யையும் சேர்த்துச் ‘செருகுகேட்பி’ என்று எழுதட்டுமா? நுனிக்கு ‘நுனியுறை’ போதும் என்று நினைக்கிறேன். அடைத்துக்கொள்ளும் நிலைக்கு ‘அடைவு’ என்று எழுதப் பார்த்தேன்; பரதநாட்டியத்தில் அடிப்படை ஆட்ட அசைவுக்கு அதுவே பெயர், எங்கள் கல்லூரியில் அத்துறையும் இருப்பதால் அது ஆகாது.

கோவையிலிருந்து:

‘அடைப்பு’ என்றும் எழுத வேண்டாம். காதடைப்பு என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருவோர் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். ‘செறிவு’ என்பது வேதியியலுக்குப் போய்விட்டது. ‘இறுக்கம்’ பரவாயில்லை. செருகுகேட்பிக்கு என் ஒப்புதல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஒப்புதல். கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் ‘செருகுக்கேட்பி’ என்று ஒற்று மிக வேண்டாமா?

தஞ்சையிலிருந்து:

வேண்டாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. செருகிய, செருகுகின்ற, செருகும் என்ற மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ஒப்புதல்.

சென்னையிலிருந்து:

சோர்வின் காரணமாக ஒப்புதல். முதல் முறை வரும் இடத்தில் ‘இயர்போன்’ என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் கையேட்டைக் கடைக்காரரிடம் காட்டும்போது இருவருக்கும் துன்பம்.

திருச்சியிலிருந்து:

அப்படியே செய்துவிட்டேன். செருகுகேட்பி, நுனியுறை, இறுக்கம் மூன்றும் அச்சுக்குப் போயின. முதல் முறை வரும் இடத்தில் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் மீடிறனும் இருக்கிறது.

மதுரையிலிருந்து:

அச்சுக்குப் போனது போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது, பெரும்பான்மை கருதி ஏற்கப்பட்டது என்று எழுதி, என் மறுப்பையும் உடன் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன். விகுதி ஒன்றிவிட்டது என்பதற்கு நன்னூலில் விதி காட்டப்படவில்லை. உரைகளில் ‘கேட்பி’ பெயராக ஆளப்பட்ட இடம் எவருக்கேனும் கிடைத்தால் அடுத்த பதிப்புக்கு முன் தெரிவிக்கவும்; கிடைக்காதவரை எனக்கு அது ஏவல் வினைதான், கருவி இசைக்குழைதான்.