சுவிட்சின் போர்ட்: துறையா, வாயிலா, கண்ணா?

(சிங்கப்பூர்க் குழு உரையாடல்; ஒவ்வொருவரும் தம் வட்டாரப் பெயரில்)

ஈசூன், பயிற்றுநர், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு கேபிள் வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 24 போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) கொண்ட சுவிட்சை, அதாவது கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் பெட்டியை, புதிதாக அமைத்துப் பாதுகாப்பது பற்றி நான்கு பக்கங்கள். படிப்பவர்கள் பெரும்பாலும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிகள். 'சுவிட்ச்' அப்படியே இருக்கட்டும். 'போர்ட்'டுக்குச் சொல் வேண்டும். இப்போதைக்குத் 'துறை' என்று போட்டிருக்கிறேன். ஒரு பகுதி:

"கன்சோல் கேபிளில் இணைத்து நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றவும். தொலைவிலிருந்து நுழைய, மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தி, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்எச் மட்டும் வைக்கவும். சுவிட்சுக்குப் பெயரும் டொமைன் பெயரும் கொடுத்த பிறகே அதற்கான 2048 பிட் ஆர்எஸ்ஏ மறையாக்கத் திறவுகோலை உருவாக்கவும். பயன்படாத துறைகளை மூடி, யாரும் இல்லாத 999ஆம் வீலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை) போடவும். மற்றவற்றில் துறைப் பாதுகாப்பை (எந்தக் கருவிகள், எத்தனை இணையலாம் என்ற வரம்பு) இயக்கவும்."

பிடோக், மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

தம்பி, இந்த ஊரில் 'துறைப் பாதுகாப்பு' என்று எழுதினால் பாசிர் பாஞ்சாங் கொள்கலன் முனையம்தான் கண்முன் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. "கணக்குத் துறையின் துறைகளை 20ஆம் வீலானில் போடவும்" என்று ஒரு வரி நிச்சயம் வரும். அலுவலகப் பிரிவும் துறை, சுவிட்சின் ஓட்டையும் துறை என்றால் படிப்பவர் என்ன செய்வார்? 'வாயில்' என்று மாற்றுங்கள்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் மாலை

அம்மா சொல்வது சரி, காரணம் இன்னும் ஆழமானது. லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் கதவு. கருவியில் உள்ள போர்ட் கதவின் வழி வந்தது. 'துறை' என்பது கப்பல் பொருளைப் பெயர்த்தது, ஆகவே தவறான வேரைப் பிடித்தது. மேலும் துறை என்பது நீரில் இறங்கும் இடம். ஆற்றுத்துறை, வண்ணான்துறை என்கிறோம். செருகும் பொருள் அதில் இல்லை. 'வாயில்' இல்லினது வாய். இல்வாய் என்பதே முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. இலக்கணப் போலிக்கு நாம் காட்டும் முதல் எடுத்துக்காட்டு. இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கையில் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

ஜூரோங், நெட்வொர்க் பொறியாளர், செவ்வாய் இரவு

ஐயா, வேர் சரிதான். ஆனால் 'வாயில்' ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. நிர்வாகத்துக்காகச் சுவிட்சுக்கு ஓர் ஐபி முகவரி கொடுக்கிறோம். அதை 1ஆம் வீலானில் விடாமல் 99 போன்ற தனி வீலானில் வைக்கிறோம். அடுத்த வரியே 'இயல்பு நுழைவாயில்' முகவரி, அதாவது வேறு வலைகளுக்குப் போகும் வழி. அதை விட்டுவிட்டால் அதே வீலானில் இருப்பவருக்குச் சுவிட்ச் பதில் சொல்லும், வேறு வீலானிலிருந்து தேடினால் கிடைக்காது. புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. அதே பக்கத்தில் 24 வாயில்களும் ஒரு நுழைவாயிலும் இருந்தால் முகவரியை எந்த வாயிலில் போடுவது என்று கேட்பார்கள். 'போர்ட்' என்றே விடலாம். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" (காலத்துக்கேற்ப வரும் புதுச்சொல்லை விலக்க வேண்டியதில்லை) என்று தொல்காப்பியமே வழிவிடுகிறது.

உட்லண்ட்ஸ், கேபிள் மேற்பார்வையாளர், புதன் காலை

சிவகங்கைத் தம்பிகளுக்கு எழுதுகிறோம் என்றால் அவர்கள் ஊர்ச் சொல்லையே எடுக்கலாமே? மதகுக்கு எத்தனை கண், பாலத்துக்கு எத்தனை கண் என்றுதான் ஊரில் கேட்பார்கள். கண்வாய்தான் கண்மாய் ஆனது என்பார்கள். 24 கண் சுவிட்ச், 7ஆம் கண். யாருக்கும் விளக்க வேண்டாம். எந்தக் கண்ணைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் போகும் என்பது மடைக்குத் தெரிவதுபோல, எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) எந்தக் கண்ணில் என்ற அட்டவணையைச் சுவிட்ச் வைத்திருக்கிறது. பொய்யான முகவரிகளைக் கொட்டி அட்டவணையை நிரப்பிவிட்டால், இடம் தெரியாத சட்டகங்களை (தரவுத் துண்டுகளை) எல்லாக் கண்ணிலும் திறந்துவிடும். ஒட்டுக்கேட்பவனுக்கு அதுவே போதும். இதைத் தடுக்கும் துறைப் பாதுகாப்புக்குக் 'கண்காப்பு' என்று பெயர் வைக்கலாம்.

தோ பாயோ

வேற்றுமைப் புணர்ச்சியில் ணகரம் டகரமாகும். மண்+குடம் மட்குடம், கண்+புலன் கட்புலன். ஆகவே 'கட்காப்பு'. அப்படி எழுதினால் கள்+காப்பும் கட்காப்புதான். பாதுகாப்பது கண்ணையா, கள்ளையா?

ஜூரோங்

கண்காட்சி என்று எழுதுகிறோமே ஐயா, கட்காட்சி என்று யார் எழுதுகிறார்? கண்காப்பு நிற்கும்.

நேற்று 'போர்ட்' என்றேன், 'கண்'ணை ஏற்கிறேன். காரணம் வினைச்சொல். மூடப்பட்ட போர்ட் இருவகை. நாம் கட்டளை கொடுத்து மூடியது ஒன்று. அனுமதித்ததைவிட அதிக மேக் முகவரி வந்ததால் சுவிட்சே மூடிக்கொண்டது இன்னொன்று. தமிழில் இதை 'அடைத்த கண்', 'அடைத்துக்கொண்ட கண்' என்று பிரிக்கலாம், 'கொள்' என்ற துணைவினை வேலையைச் செய்துவிடுகிறது. செய்முறையும் வேறு: அடைத்த கண்ணுக்குத் திறக்கும் கட்டளையான 'நோ ஷட்டவுன்' போதும். அடைத்துக்கொண்ட கண்ணில் முதலில் அந்நியக் கருவியைக் கழற்றி, மூடும் கட்டளையான 'ஷட்டவுன்' கொடுத்து, பிறகே 'நோ ஷட்டவுன்'.

கையேட்டில் சேர்க்க: சிஸ்கோ நிறுவனச் சுவிட்சில் கண்காப்பை இயக்கினால் கண்ணுக்கு ஒரு மேக் முகவரிதான் இயல்பு வரம்பு. ஐபி தொலைபேசிக்குப் பின்னால் கணினி இருந்தால் 2, சில வேளை 3. ஸ்டிக்கி முறையில் (வந்த முகவரியைச் சுவிட்சே பதிந்துகொள்வது) கற்ற முகவரிகள் இயங்கும் அமைப்பில்தான் இருக்கும், சேமிக்காமல் மின்சாரம் போனால் போய்விடும். ஸ்டிக்கி உள்ள ஒரு கணினியை அதே சுவிட்சின் வேறு கண்ணுக்கு மாற்றினால் புதிய கண் அடைத்துக்கொள்ளும். பழைய பதிவை நீக்கிவிட்டு மாற்ற வேண்டும். டிஎச்சிபி ஸ்னூப்பிங் (ஐபி முகவரி வழங்கும் போலி சர்வரைத் தடுப்பது) போட்டால், உண்மையான டிஎச்சிபி சர்வர் இருக்கும் பக்கத்துக் கண்ணை 'நம்பு கண்' என்று குறிக்க மறந்தால் ஒருவருக்கும் ஐபி முகவரி கிடைக்காது.

பிடோக்

எஸ்எஸ்எச்சுக்கு 22ஆம் போர்ட் என்கிறோமே, அதுவும் கண்ணா? அங்கே செருக எதுவும் இல்லை, வெறும் எண்.

உட்லண்ட்ஸ்

அதற்குத் துறை இருக்கட்டும் அக்கா. இலங்கையில் அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டது அவர்கள் பாடு. நாம் பிரித்தால் தெளிவுதான்.

ஈசூன், வியாழன் இரவு

கையேட்டில் 'கண்' என்று போட்டுவிட்டேன். முதல் முறை மட்டும் "போர்ட் எனப்படும் கண்". அடைத்த, அடைத்துக்கொண்ட இரண்டுக்கும் ஒரு சிறு கட்டம். 22 'துறை எண்' ஆகிவிட்டது. டிரங்குக்கு (பல வீலான்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு) இன்னும் சொல் இல்லை, நாளை மதியத்துக்குள் யாராவது சொல்லுங்கள்.

தோ பாயோ, வெள்ளி காலை

டிரங்குக்கு 'தண்டு'. கண் பற்றி என் மறுப்பு அப்படியே இருக்கிறது: காண்பதே கண், இது காணாது. இரண்டாம் பதிப்பில் 'புழை' (துளை) பற்றிப் பேசுவோம்.